ஆரஞ்சு மக்காச்சோளத்தின் வைட்டமின் ஏ உடம்பில் உண்மையிலேயே சேருகிறதா?

கேள்வி இது: "ஆப்பிரிக்க நாடுகளில் வைட்டமின் ஏ அதிகமுள்ள ஆரஞ்சு மக்காச்சோளம், ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி எல்லாம் பயிரிடுகிறார்களே, செடியில் இருப்பது மனித உடம்பில் சேருமா, இல்லை அப்படியே வெளியே போய்விடுமா? தினமும் சாப்பிட்டால் அளவு மீறி ஆபத்தாகாதா?"

சேருகிறது. சொல்லப்போனால், இந்தத் துறையில் இருந்தவர்களே முதலில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சேருகிறது. ஆனால் பயிரில் இருக்கும் அளவு ஒன்று, கல்லீரலுக்குப் போய்ச் சேரும் அளவு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அடுப்பு, எண்ணெய், பித்தநீர், குடல் சுவர் எல்லாம் இருக்கின்றன. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன். நம் ரேஷன் கடையில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசி வேறு விஷயம். அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றை ஆலையில் கலக்கிறார்கள். நீங்கள் கேட்பது செடியே தன் கிழங்கிலோ மணியிலோ கூடுதலாகச் சத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி உருவாக்கிய ரகங்கள். மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி, நைஜீரியாவில் 2011 முதல் மஞ்சள் மரவள்ளி, சாம்பியாவில் 2012 முதல் ஆரஞ்சு மக்காச்சோளம். இவை மூன்றும் சாதாரண இனக்கலப்பு முறையில் வந்தவை. மரபணு மாற்றிய அரிசியான 'கோல்டன் ரைஸ்' மட்டும் தனிக் கதை.

இந்தப் பயிர் எதிலும் வைட்டமின் ஏ கிடையாது. முட்டை, பால், மீன், ஈரல் ஆகியவற்றில்தான் அது நேரடியாக இருக்கிறது. செடியில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடைத்து வைட்டமின் ஏ ஆக்குவது நம் உடம்பின் வேலை. எல்லா மஞ்சள், சிவப்பு நிறமும் இதற்கு உதவாது. தக்காளியின் சிவப்பான லைகோபீனிலிருந்து துளி வைட்டமின் ஏ வராது. நாமக்கல் கோழிப்பண்ணைக்குத் தீவனமாகப் போகும் சாதாரண மஞ்சள் மக்காச்சோளத்தின் நிறம் பெரும்பாலும் லூட்டீன், ஜியாசாந்தின். அது முட்டைக் கருவுக்கு நல்ல மஞ்சள் கொடுக்கும், ஆனால் மாலைக்கண்ணுக்குப் பெரிய பயனில்லை. மக்காச்சோளச் செடி பீட்டா கரோட்டினை உண்டாக்கிவிட்டு அதை மேலும் மாற்றி ஜியாசாந்தின் ஆக்கிவிடுகிறது. அந்தக் கடைசி மாற்றம் மந்தமாக நடக்கும் செடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றை நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு கலந்துதான் ஆரஞ்சு ரகங்களை உருவாக்கினார்கள்.

இனி உடம்புக்குள் நடப்பதற்கு வருவோம்.

பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கேரட் பொரியல் செய்யும்போது கவனித்திருப்பீர்கள். வேகவைத்த தண்ணீர் அவ்வளவாக நிறம் மாறாது; தாளித்த எண்ணெய் மட்டும் ஆரஞ்சாகிவிடும். குடலிலும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். உணவிலிருக்கும் கொழுப்பு சிறுகுடலுக்குள் வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீர் சுரக்கிறது, கணையத்திலிருந்து நொதிகள் வருகின்றன. பித்த உப்பும் உடைந்த கொழுப்பும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகின்றன. பீட்டா கரோட்டின் அந்தத் துளிகளில் ஏறினால்தான் குடல் சுவரை நெருங்கும். ஏறாதது மலத்தோடு போய்விடும்.

அப்படி ஏறுவதற்கு முதலில் அது செடியின் செல்லை விட்டு வெளியே வரவேண்டும். இங்கேதான் ஒரு பயிருக்கும் இன்னொரு பயிருக்கும் பெரிய வித்தியாசம். கீரையில் பீட்டா கரோட்டின் பச்சையத்தோடு சேர்ந்து புரதக் கட்டமைப்புக்குள் இறுக்கமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. கேரட்டில் படிகமாக உறைந்திருக்கிறது. மாம்பழத்தில் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளில் ஏற்கெனவே கரைந்த நிலையில் இருக்கிறது, அதனால் சுலபமாக வெளிவரும். மக்காச்சோள மணியில் மாவுச்சத்துக்கு நடுவே இருக்கிறது. மாவு அரைத்துக் களியாகக் கிண்டும்போது அந்தக் கட்டு நன்றாகவே தளர்ந்துவிடுகிறது. அதனால் "பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து" என்ற பேச்சு இந்த ஒரு சத்துக்குப் பொருந்தாது. வேகவைத்து, மசித்து, நன்றாக மென்று சாப்பிடுவதே மேல்.

குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்தபின் ஒரு நொதி பீட்டா கரோட்டினைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. ஒன்று இரண்டாகி இரண்டு ரெட்டினல் மூலக்கூறுகள் வருகின்றன. ஆல்பா கரோட்டின், கிரிப்டோசாந்தின் போன்றவற்றில் ஒரு பாதிதான் பயன்படும், அதனால் அவற்றின் மதிப்பும் பாதி. ரெட்டினல் உடனே ரெட்டினால் ஆக (வைட்டமின் ஏ என்பது இதுதான்) மாறி, ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து, கொழுப்புத் துகள்களில் ஏறி, நிணநீர் வழியாக இரத்தத்துக்கு வந்து, கடைசியில் கல்லீரலில் போய்த் தங்குகிறது. கல்லீரலில் இதற்கென்றே தனி வகைச் செல்கள் இருக்கின்றன. நல்ல ஊட்டமுள்ள ஒருவருக்கு அங்கே இருக்கும் இருப்பு பல மாதங்களுக்கு வரும். தேவைப்படும்போது கல்லீரல் ஒரு புரதத்தோடு இணைத்து ரெட்டினாலை வெளியே அனுப்பும். அந்தப் புரதத்தைச் செய்யப் போதுமான புரத உணவும் துத்தநாகச் சத்தும் வேண்டும். ரொம்பவும் மெலிந்துபோன குழந்தைக்கு இது குறைவாக இருந்தால் கல்லீரலில் இருப்பு இருந்தும் கண்ணுக்கு வந்து சேராது.

சரி, எத்தனை கரோட்டின் சாப்பிட்டால் எத்தனை வைட்டமின் ஏ? இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பெரிய அதிர்ச்சி இருக்கிறது. நெடுங்காலமாக 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1995-ல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. அவர்களுடைய வைட்டமின் ஏ நிலை உயரவே இல்லை. அதே அளவு பீட்டா கரோட்டினைச் சேர்த்த பிஸ்கட் போன்ற வில்லை சாப்பிட்டவர்களுக்கு நன்றாக உயர்ந்தது. கீரையை நம்பித் திட்டம் போட்டிருந்த அத்தனை பேரையும் அது உலுக்கியது. 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் கலப்பு உணவுக்கு 12-க்கு 1 என்று கணக்கை மாற்றியது. எண்ணெயில் கரைத்த பீட்டா கரோட்டினுக்கு 2-க்கு 1.

பயிரிலேயே சத்தை ஏற்றும் வேலை சூடு பிடித்தது இந்த அவநம்பிக்கை நிலவிய காலத்தில்தான். அதனால் மனிதர்களை வைத்து அளந்து பார்க்காமல் யாரும் ஏற்கவில்லை. அப்படி அளந்தபோது வந்த எண்கள் எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருபவை. ஆரஞ்சு மக்காச்சோளக் கஞ்சி குடித்த அமெரிக்கப் பெண்களிடம் சுமார் 6.5-க்கு 1. ஜிம்பாப்வே ஆண்களிடம் சுமார் 3-க்கு 1. மஞ்சள் மரவள்ளிக் கஞ்சியில் சுமார் 4-க்கு 1. கோல்டன் ரைஸுக்கு 2009-ல் வெளியான ஆய்வில் 3.8-க்கு 1; ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 5 பேர்தான், சோற்றோடு 10 கிராம் வெண்ணெயும் கொடுத்தார்கள். சர்க்கரைவள்ளிக்கு வங்கதேச ஆண்களிடம் வந்தது 13-க்கு 1. அது மோசமான எண் போலத் தெரியும். ஆனால் கிழங்கில் கரோட்டின் அவ்வளவு அதிகம் என்பதால் பாதகமில்லை. ஆக, கீரையில் சிறைபட்டுக் கிடப்பது போல இந்த மாவுப் பயிர்களில் கிடக்கவில்லை.

ஒரு குழந்தையின் தட்டில் வைத்துப் பார்ப்போம். நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ போதும். சாம்பியாவில் முதலில் வந்த ஆரஞ்சு ரகங்களில் கிராமுக்கு 6 முதல் 8 மைக்ரோகிராம் கரோட்டின் இருந்தது. 7 என்று வைத்துக்கொள்வோம். குழந்தை நாளுக்கு 200 கிராம் மாவு சாப்பிடுகிறது என்றால் 1,400. சேமிப்பிலும் சமையலிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்றால் மிச்சம் 930 அளவில். 6.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 140. அதாவது நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. பயிர் விஞ்ஞானிகளின் இலக்கான கிராமுக்கு 15 மைக்ரோகிராம் கைகூடினால் அதே தட்டில் 300-க்குப் பக்கத்தில் வரும். இதே கணக்கைச் சர்க்கரைவள்ளிக்குப் போட்டால் கதையே வேறு. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூ சோனா' ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. வேகும்போது கொஞ்சம் போய் 12 மில்லிகிராம் நின்றால், 12-க்கு 1 என்ற கறாரான கணக்கிலேயே 1,000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. ஒரு குழந்தைக்கு 40, 50 கிராம் கிழங்கு போதும். இத்தனைக்கும் இதில் எந்த ஆலையோ மாத்திரையோ தேவையில்லை; கொடியின் ஒரு துண்டை வெட்டி அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் அவர் தோட்டத்திலும் வளரும்.

எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி இருந்தாலே வேலை நடக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1980-ல் கீரை சாப்பிட்ட குழந்தைகளிடம் பார்த்ததும் இதைத்தான்: உணவோடு 5 கிராம் கொழுப்பு சேர்ந்ததும் இரத்தத்தில் வைட்டமின் ஏ ஏறியது. சாம்பியாவில் மக்காச்சோளக் களியை, அங்கே அதற்கு ன்ஷிமா என்று பெயர், வெறும் தண்ணீரில்தான் கிண்டுவார்கள். எண்ணெய் தொடுகறியில் வரும். கீரையை நிலக்கடலைத் தூளோடு வேகவைக்கும் இஃபிசாஷி அங்கே பிரியமான தொடுகறி. கடலையின் கொழுப்பு கீரைக்கும் உதவும், களிக்கும் உதவும். எண்ணெயே வாங்க முடியாத வீட்டில், எவ்வளவு நல்ல விதை கொடுத்தாலும் பாதிப் பலன்தான்.

இன்னொரு தடை, அதிகம் பேசப்படாதது, குடலின் நிலை. மேற்குச் சுமத்ராவில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1998-ல் வெளிவந்தது. பெரும்பாலும் சிவப்புச் சர்க்கரைவள்ளியைத்தான் கரோட்டினுக்காகக் கொடுத்தார்கள். கிழங்கு கொடுத்தபோது இரத்தத்தில் வைட்டமின் ஏ ஏறியது. அதோடு கொழுப்பைக் கூட்டியதும் மேலும் உதவியது, குடற்புழு மருந்து கொடுத்ததும் உதவியது. உருண்டைப்புழு நிறைந்த குடலில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாது, அதோடு சேர்ந்து கரோட்டினும் போய்விடும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்கும் இதே நிலைதான். நல்ல குடிநீரும் கழிப்பறையும் இல்லாத ஊரில் வெறும் விதையை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது அரை வேலை என்பது என் உறுதியான கருத்து. பிறவியிலேயே சிலருக்கு அந்த வெட்டும் நொதி கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்பதும் உண்மை. ஒரே தட்டில் சாப்பிட்ட இருவருக்கு ஒரே பலன் வராது.

அடுத்து, அளவு மீறினால் என்ன ஆகும் என்ற உங்கள் பயம். ஈரலிலும் மாத்திரையிலும் வரும் நேரடி வைட்டமின் ஏ அளவு மீறினால் ஆபத்துதான், கர்ப்பிணிகளுக்கு மிகவும். கரோட்டின் விஷயத்தில் உடம்பே காவல் வைத்திருக்கிறது. வைட்டமின் ஏ போதுமான அளவுக்கு வந்ததும் குடல் செல்லில் ஒரு புரதம் பெருகி, கரோட்டினை உள்ளே விடும் வாசலையும் அதை வெட்டும் நொதியையும் குறைத்துவிடுகிறது. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பது போல. சத்துக் குறைந்த உடம்பு அதிகமாக மாற்றிக்கொள்கிறது, நிறைந்த உடம்பு குறைவாக. மேலே சொன்ன எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சும் கரோட்டின் தோலில் படிந்து உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் காமாலையிலிருந்து அதை வைத்துத்தான் பிரித்தறிவார்கள். சாப்பாட்டைக் குறைத்தால் தானாகச் சரியாகிவிடும். புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையை அதிக அளவில் வருடக்கணக்காக விழுங்கியபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-ல் பின்லாந்து ஆய்வு காட்டியது. அது மாத்திரைக்கான எச்சரிக்கை. அதைக் காட்டிக் கிழங்குக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சாம்பியாவில் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. 2014-ல் வெளியான ஆய்வில் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு ஆரஞ்சு மக்காச்சோளம் கொடுத்து, எடை கூடிய கார்பன் அணுவால் (ஐசோடோப்பு) அடையாளமிட்ட ரெட்டினாலைக் கொண்டு உடம்பின் மொத்த இருப்பை அளந்தார்கள். இரத்தத்தில் ரெட்டினாலைக் கல்லீரல் ஒரே அளவில் வைத்துக்கொள்வதால் வெறும் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஏமாற்றிவிடும், அதனால்தான் இந்தச் சுற்றுவழி. ஆரஞ்சு சாப்பிட்டவர்களின் இருப்பு ஏறியது. ஆனால் அதே குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே இருப்பு தேவைக்கு மேல் இருந்ததும் தெரியவந்தது. அந்த நாட்டில் 1998 முதல் சர்க்கரையில் வைட்டமின் ஏ கலக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு மருந்தும் கொடுக்கிறார்கள். மாம்பழக் காலம் வந்தபோது சில குழந்தைகளின் தோல் ஆரஞ்சாகவே மாறியது. எங்கே எவருக்குக் குறைவு என்று பார்க்காமல் எல்லாத் திட்டத்தையும் ஒரே இடத்தில் கொட்டுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே நாட்டின் ம்குஷி மாவட்டத்தில் 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் ஆரஞ்சு மக்காச்சோளச் சாப்பாடு போட்டார்கள். 2016-ல் முடிவு வந்தது. இரத்த ரெட்டினாலில் மாற்றமில்லை. ஆனால் சத்துக் குறைவாக இருந்த குழந்தைகளின் கண்மணி, இருட்டில் மங்கிய ஒளிக்கு முன்னைவிட நன்றாகச் சுருங்கியது. என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக நேரான சான்று. சத்துக் குறைந்தவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, சேர்ந்தது கண்ணில் வேலை செய்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதற்கு முன்பே, 2005-ல், பள்ளிக் குழந்தைகளுக்கு 53 பள்ளி நாட்கள் தினமும் 125 கிராம் மசித்த ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி கொடுத்து, கல்லீரல் இருப்பு கூடியதைக் காட்டியிருந்தார்கள். இந்தக் கிழங்கை ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குக் கொண்டுபோன மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும், பயிரிலேயே சத்தை ஏற்றும் யோசனையைப் பல வருடம் தூக்கிச் சுமந்த ஹோவர்த் பூயிஸுக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்ற முறை ஏன் நல்லது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1990-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுப்பதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை, உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு வைட்டமின் ஏ மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. அது பயிர் ஆய்வு அல்ல, கொடுத்தது சொட்டு மருந்து. இருந்தாலும் சாப்பாட்டு அளவிலேயே உயிர் காக்கலாம் என்று காட்டியது அதுதான்.

இங்கே இதை நடைமுறைக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்குச் சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. கரோட்டினுக்கு வெளிச்சம், காற்று, நாள் மூன்றும் ஆகாது. வேகவைத்த கிழங்கில் 80, 90 சதவீதம் நிற்கும். வெயிலில் காயவைத்து மாதக்கணக்கில் வைத்த வற்றலில் பெரும்பகுதி போய்விடும். மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து வறுக்கும் 'காரி' என்ற நைஜீரிய உணவிலும் இழப்பு அதிகம். மக்காச்சோளத்தை மணியாக வைத்திருந்து அவ்வப்போது அரைப்பது, அரைத்த மாவை வைத்திருப்பதைவிட மேல். கோல்டன் ரைஸ் இப்போதைக்கு யாருக்கும் கைக்கு எட்டாது. பிலிப்பைன்ஸ் 2021-ல் அனுமதித்தது, 2024-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இந்தியாவில் கிடைக்கக்கூடியவை என்றால் பூ சோனா கிழங்கும், கிராமுக்கு 8 மைக்ரோகிராம் அளவு கரோட்டின் உள்ள பூசா விவேக் ரக மக்காச்சோளமும். இரண்டும் 2017-ல் வந்தவை. கடையில் வெளித்தோல் சிவப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், பல சர்க்கரைவள்ளிகள் உள்ளே வெள்ளைதான். ஒன்றைக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். சதை ஆரஞ்சாக இருந்தால் தோலோடு வேகவைத்து, உரித்து மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். நெய் பிடிக்காத குழந்தைக்குத் தேங்காய்த் துருவல் போட்டாலும் சரிதான்.